பாவற்காய்ச் சாறும் மெற்போமின் குளிசையும்: கொழும்பு ஆய்வுகள் சொன்னது என்ன?

வெள்ளவத்தைச் சந்தையில் பாவற்காய் வாங்கும்போது "சீனி வருத்தத்துக்கு நல்லது" என்று சொல்லாதவர்கள் குறைவு. கொட்டாஞ்சேனையிலும் நாட்டு மருந்துக்கடைகளில் சலரோகத்துக்கெனச் சூரணமும் பட்டையும் கேட்டு வருவோர் உண்டு. இலங்கையில் வயது வந்தவர்களில் சுமார் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாக 2018/19 இல் நடந்த நாடு தழுவிய ஆய்வு கணித்தது. வயலும் தோட்டமுமாக வாழ்ந்து, போரினால் இடம்பெயர்ந்து கொழும்பில் மாடிவீட்டுக்குள் வந்த குடும்பங்களுக்கு உடலுழைப்புக் குறைந்தது. சோறும் பாணும் குறையவில்லை. 2022 இன் மருந்துத் தட்டுப்பாட்டின்போது, குளிசையை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது.

இக்கேள்வியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர் கொழும்புப் பல்கலைக்கழக உயிர் இரசாயனவியல் பேராசிரியர் எரிக் கருணாநாயக்க. 1970களில் இங்கிலாந்தில் அவர் ஆராய்ந்தது ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற பொருளை. இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்து, ஆய்வுகூட எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்குவது அது. நாடு திரும்பிய பின் அவரும் வெலிஹிந்த உள்ளிட்ட சகாக்களும் ஆயுர்வேத, பாரம்பரிய வைத்தியர்களிடம் விசாரித்து, சலரோகத்துக்குக் கொடுக்கப்படும் ஏறத்தாழ 40 தாவரங்களின் பட்டியலைத் தயாரித்தார்கள். அவற்றுள் அடிக்கடி சொல்லப்பட்டவற்றை எலிகளில் பரிசோதித்த கட்டுரை 1984 இல் வெளிவந்தது.

பாவற்காய் எலியோடு நிற்கவில்லை. 1986 இல் வெளியான ஆய்வில், நடுத்தர வயதுக்குப் பின் வரும் நீரிழிவு கொண்டவர்களுக்கு அதன் சாறு கொடுக்கப்பட்டது. 73 வீதமானோரின் உடல் குளுக்கோசைக் கையாளும் திறன் மேம்பட்டது. 27 வீதமானோருக்குப் பலனே இல்லை. எல்லோரும் 73 ஐத்தான் சொல்வார்கள். வீட்டில் முடிவெடுப்பவருக்கு 27 தான் முக்கியம். தான் எந்தப் பக்கம் என்பதை இரத்தப் பரிசோதனை இல்லாமல் எவரும் அறிய முடியாது.

மற்றது கொத்தல ஹிம்புட்டு. சித்த மருத்துவத்தில் இதே இனத்தைச் சேர்ந்த கொடியைக் கடலழிஞ்சில் என்பார்கள். இதன் மரத்தில் கடைந்த கோப்பையில் இரவு நீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது பழைய வழக்கம். 1997 இல் ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசயுகி யோஷிகாவா குழுவினர் இதிலிருந்து சலசினோல் என்ற சேர்வையைப் பிரித்தெடுத்தார்கள். சோறு, இடியப்பம், பாண் ஆகியவற்றின் மாச்சத்தைக் குடலில் குளுக்கோசாக உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. அக்காபோஸ் என்ற ஆங்கில மருந்து செய்வதும் இதுவே. ஆகவே இது சாப்பாட்டுக்குப் பின்னான ஏற்றத்தை மட்டுப்படுத்துமே தவிர, இன்சுலினுக்கு ஈடாகாது.

2005 இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் 51 நோயாளிகளுக்கு மூன்று மாதம் கொத்தல ஹிம்புட்டுத் தேநீரும், மூன்று மாதம் வெறும் தேநீரும் கொடுக்கப்பட்டன. இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி, மூலிகைத் தேநீரோடு 6.29, வெறும் தேநீரோடு 6.65. பலன் உண்மை, ஆனால் சிறியது. சீனி 10, 11 என்று நிற்பவருக்கு இது போதாது.

"இங்கிலீஷ் மருந்து இரசாயனம், மூலிகை இயற்கை" என்ற பேச்சும் சரியல்ல. மெற்போமினின் மூலமே ஒரு செடிதான். ஐரோப்பாவின் கலேகாச் செடியில் சீனியைக் குறைக்கும் பொருள் இருந்தது, நஞ்சுத்தன்மையும் இருந்தது. அதே குடும்பத்தில் பாதுகாப்பான சேர்வையைத் தேடி, 1957 இல் பிரான்சில் ஜோன் ஸ்டேர்ன் மெற்போமினை நோயாளிகளுக்குக் கொடுத்த விபரத்தை வெளியிட்டார். குளிசையில் அளவு தெரியும். சூரணப் பைக்கற்றில் தெரியாது.

கர்ப்பிணிகள் கொத்தல ஹிம்புட்டைத் தவிர்க்க வேண்டும்: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ரத்னசூரிய குழுவினர் 2003 இல், இதன் வேர்ச்சாறு கொடுக்கப்பட்ட எலிகளில் கருக்கள் அழிவதைக் கண்டார்கள். இன்சுலினையே நம்பியிருக்கும் முதலாம் வகை நோயாளிகள் ஒரு நாளும் ஊசியை நிறுத்தக்கூடாது. கிளிபென்கிளமைட் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் இவற்றையும் சேர்த்துக் குடித்தால் சீனி திடீரென இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று அதன் அறிகுறிகள். கொத்தல ஹிம்புட்டு குடித்திருந்தால் அப்போது சீனித் தண்ணீர் மெதுவாகவே வேலை செய்யும், சீனி உடைவதையும் அது தடுப்பதால். குளுக்கோஸ் தூளை வீட்டில் வைத்திருப்பது நல்லது. கிளினிக்குக்குப் போகும்போது குளிசைகளோடு அந்தப் பைக்கற்றையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.