மலாக்காத் துறையும் செட்டிகளும்

தமிழர் மலாக்காவுக்கு எப்பொழுது வந்தனர் என்று நம் மாணவரை வினவினால், பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களையே சுட்டுவர். டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது 1896ஆம் ஆண்டில். அதற்கு நானூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழ் வணிகரின் கலங்கள் இத்துறையில் நங்கூரம் பாய்ச்சியிருந்தன.

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேசுவரா வந்தடைந்த மலாக்கா, ஆற்றுமுகத்தில் அமைந்த சிறு மீனவர் குடியிருப்பே. அதனைப் பெருந்துறையாக வளர்த்தது பருவக்காற்று. ஒரு காற்றில் வந்த கலம் மறுகாற்று வீசும்வரை காத்திருத்தல் வேண்டும். காத்திருந்தோர்க்குக் கிடங்கும் வீடும் வழிபாட்டிடமும் தேவையாயின. பழவேற்காடு முதலிய சோழமண்டலத் துறைகளிலிருந்து துணிப்பொதிகள் வந்தன. கிராம்பும் சாதிக்காயும் சீனப் பட்டும் திரும்பிச் சென்றன. துறையை நான்கு சாபந்தர்கள் மேற்பார்த்தனர். வந்த வணிகருட் சிலர் இங்கேயே மணம் புரிந்து தங்கினர். அவர்தம் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள்.

1511இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றினர். அவர்கட்கு உதவிய தமிழ் வணிகர் நைனா சாத்து பெண்டஹாரா பதவி பெற்றார். 1514இல் அப்பதவி பறிக்கப்படவே, மானம் பெரிதெனக் கருதித் தீப்புகுந்து மாண்டார். 1641இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் ஆட்சியில், 1781இல், செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டி பெற்ற நிலத்தில் எழுந்ததே ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில்.

பின்னர் 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் துறைகளாயின. வணிகம் அங்கே பெயர்ந்தது. மலாக்கா ஆற்றுமுகமோ மணல் மேடிட்டது. பொருளிழந்த செட்டிகள் பலர் காஜா பெராங் பகுதியில் குடியேறி நிலத்தை நம்பி வாழத் தலைப்பட்டனர். கடலை ஆண்டவர் கழனிக்குத் திரும்பினர்!

இன்றும் கம்போங் செட்டியில் போகி நாளன்று முன்னோர்க்கு வாழையிலையில் படையலிடுகின்றனர். முத்துமாரியம்மனைப் போற்றுகின்றனர். ஆனால் அவர்கள் வீட்டுமொழி மலாய். 'கப்பல்', 'கடை' என்னும் நம் சொற்கள் மலாய்மொழியில் நிலைபெற்றுவிட்டன. அவற்றைக் கொணர்ந்தவரின் வழியினர் நாவில் தமிழ் நிலைக்கவில்லை.

இதனை அவர்தம் குறையெனக் கூறுவது அறியாமை. தாயகத் தொடர்பு அறுந்து, தமிழ் கற்பிக்கப் பள்ளியும் இல்லாத நிலையில், சமயத்தை அவர்கள் நூற்றாண்டுகளாகக் காத்ததே பெருஞ்செயல். நமக்கோ பள்ளிகள் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், அப்பள்ளிகளிற் பல மாணவரின்றி வாடுகின்றன. ஆற்றுமுகம் ஒரே நாளில் தூர்ந்துவிடவில்லை; சிறிது சிறிதாகவே மணல் சேர்ந்தது. மொழி தூர்வதும் அவ்வாறே. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், ஒருமுறை அவர்களைக் கம்போங் செட்டிக்கு அழைத்துச் செல்வாராக.