அங்கொடைக்குப் போகும் வழி

பித்தனென்று ஒருவனை ஏச, 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயர் ஒன்றே நம் நாட்டிற் போதும். கொழும்பையடுத்த அவ்வூரில் 1926இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1873இல், அந்நிய ஆட்சி இயற்றிய சட்டமோ நோயாளியைக் குணப்படுத்துவதினும் அடைத்துவைப்பதையே பெரிதாகக் கருதிற்று. நூற்றாண்டுக்கு மேலாக அச்சட்டமே நம்மையும் ஆண்டது.

பாலையூற்றிலிருந்து அங்கொடை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். துறைமுகத்திற் கூலிவேலை செய்வோர் நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே சில நாட்கூலியை இழக்கவேண்டும். பின்னர் போய்ப் பார்ப்பது எங்ஙனம்? சுற்றத்தார் கைவிட்டனர் என்று பழிப்போர் இத்தூரத்தை அளந்ததில்லை.

நோய்க்குக் காரணம் பேயுமன்று, முன்வினையுமன்று. பரம்பரையும் மூளையின் இயல்பும் ஒருபுறமிருக்க, வறுமையும் போரும் மனிதனை முறிக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோள் திருகோணமலைக் கரையையும் விட்டுவைக்கவில்லை.

1952இல் பாரிஸில் குளோர்ப்புரோமசின் மனநோய்க்குப் பயன்பட்டது முதல் மருத்துவம் மாறிற்று. எனினும் மருந்து மட்டும் போதாது. இலங்கை நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1979இல் எழுதிய நான்சி வாக்ஸ்லர், மனச்சிதைவுற்றோர் இங்கே மேலைநாட்டினரினும் நன்கு தேறியதைக் கண்டார். குடும்பமும் சமூகமும் அவர்களை ஒதுக்காமையை ஒரு காரணமாகக் கொண்டார். இதுகேட்டுப் பெருமைகொள்வோர் அக்கரையிலுள்ள ஏர்வாடியையும் நினைக்கட்டும்: 2001 ஆகஸ்ட் 6இல் மூண்ட தீக்கு, சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் 28 பேர் இரையாயினர்.

2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை, சிகிச்சை மாவட்டங்களுக்கு வரவேண்டுமென்றது. பாலையூற்று நோயாளிக்கு அது நகருக்கான பஸ் கட்டணத்தோடு முடியும் தூரம்.