திண்ணைத் தூணில் கட்டிய நாய்

தென்னார்க்காடு மாவட்டத்துக்கு டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த கெசட்டியர் 1906-இல் வெளிவந்தது. அதில் சமணர்களைப் பற்றிய பகுதியில் ஒரு கதை இருக்கிறது. மூன்று வருடம் கழித்து எட்கர் தர்ஸ்டனும் தன் சாதிகளும் குடிகளும் தொகுதிகளில் அதைச் சேர்த்துக்கொண்டார். மேல்சித்தாமூர் மடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நயினார்கள் தங்கள் வரலாறாகச் சொல்லிவந்த கதை அது.

1478-இல் செஞ்சியை ஆண்டவன் வேங்கடபதி. கவரைச் சாதிக்காரன். அந்தக் காலத்துக் கணக்கில் தாழ்ந்த குலம். அவன் பிராமணர்களிடம் பெண் கேட்டான். அவர்கள் மறுக்கவில்லை. "சமணர்கள் கொடுக்கட்டும், நாங்களும் கொடுக்கிறோம்" என்றார்கள். அவன் சமணர்களிடம் போனான். அவர்கள் கூடிப் பேசினார்கள். இப்படிப்பட்ட குலத்தானோடு சம்பந்தம் செய்யும் அவமானத்திலிருந்து தப்புவது எப்படி என்பதுதான் பேச்சு. கடைசியில் சரி என்று ஒப்புக்கொண்டு ஒரு பெரிய வீட்டுப் பெண்ணைக் காட்டி நாளும் குறித்தார்கள். அரசன் பரிவாரத்தோடு வந்து இறங்கியபோது வீடு காலி. திண்ணைத் தூணில் ஒரு பெட்டை நாய் மட்டும் கட்டியிருந்தது.

அதன்பிறகு நடந்தது கொலை. கண்ட சமணர்களின் தலையையெல்லாம் வெட்டச் சொன்னான். சிலர் செத்தார்கள், சிலர் ஓடினார்கள், சிலர் ஒளிந்து வழிபட்டார்கள். மிச்சம் பேர் பூணூலைக் கழற்றிவிட்டு நெற்றியில் திருநீறு பூசிச் சைவர்களானார்கள்.

இந்தக் கதையை இன்றைய விவாதங்களில் கேட்கும்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனிப்பதுண்டு. பெரும்பாலும் அது தலைவெட்டிலிருந்துதான் தொடங்குகிறது. நாய் காணாமல் போய்விடுகிறது. பாதிக்கப்பட்டவர்களின் கதையில் அவர்களே ஒருவனை அவமதித்த காட்சி வந்தால் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் சொன்னவர்களுக்கு அந்தச் சங்கடமே இருந்ததாகத் தெரியவில்லை. நாயைக் கட்டியதை ஒளிக்கவில்லை, கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார்கள். அவமானப்பட்ட அரசன் சாதியில் கீழே, அதிகாரத்தில் மேலே. வெட்டுப்பட்டவர்கள் சாதியில் மேலே, அதிகாரத்தில் கீழே. இதில் யாரை ஒடுக்கப்பட்டவர் என்று எழுதுவது? அவமதிப்புக்குக் கொலை பதிலாகாது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கொலையுண்டதாலேயே அவமதிப்பு இல்லையென்று ஆகிவிடுமா?

பிராமணர்களையும் கவனியுங்கள். ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டுக் கதையை விட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள்மீது இந்தக் கதை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணுக்குப் பெயரே இல்லை. அவள் இருக்கவேண்டிய இடத்தில் நாய் நின்றது என்பதற்கு மேல் அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

வரலாறாக இது எவ்வளவு தேறும்? செஞ்சி நாயக்கர் மரபு பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கியதாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். ஆகவே 1478 என்பதைக் கதையின் கணக்காகவே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ராஜா பெண் கேட்டான், பந்தக்காலில் நாயைக் கட்டிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனோம் என்று சொல்லாத சாதி தமிழ்நாட்டில் குறைவு. "எங்க ஆளுங்க அப்படித்தான் இங்க வந்தாங்க" என்று ஆரம்பிக்கும் ஒரு கிழவர் எல்லாக் குலத்திலும் இருப்பார். நாங்கள் பெண் கொடுக்காதவர்கள் என்பதுதான் இந்த வகைக் கதையின் சாரம். துன்பத்தைச் சொல்வதுபோல் தொடங்கி, உயர்வைச் சொல்லி முடியும்.

மதுரைக் கதையும் இப்படி எடைபோட வேண்டியதுதான். சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படுவது ஏழாம் நூற்றாண்டில். அப்படியொரு படுகொலை நடந்ததென்பதற்கு அந்தக் காலத்துச் சமணச் சான்று கிடைக்கவில்லை. நீலகண்ட சாஸ்திரி போன்றவர்கள் இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். எனக்கு வியப்பாக இருப்பது வேறு. கொன்றோம் என்று பெருமையாகப் பாடியது கொன்ற தரப்பு. இருபதாம் நூற்றாண்டில் அதே பாட்டை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துச் சைவத்தின்மேல் வழக்குப் போட்டவர்களில் பலர் நாத்திகர்கள். அந்த வழக்கில் வாதி என்று சொல்லப்பட்ட தமிழ்ச் சமணர்கள் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கே வரவில்லை. வயலையும் தேர்த்திருவிழாவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, பரிகாரம் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். யார் யாருக்குச் செய்வது? திருநீறு பூசிய சமணர்களுக்கு நீறுபூசி வேளாளர் என்று பெயர் வந்தது, 1906-இலும் அந்தப் பெயர் வழங்கியது. அவர்கள் சந்ததி இன்று எங்கே இருக்கும்? எங்கோ ஒரு சிவன் கோயிலில் தேவாரம் பாடிக்கொண்டிருக்கலாம். அவர்களைச் சைவர்கள் என்று எண்ணிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா, வெட்டுக்குப் பயந்து மாறியவர்களின் வாரிசு என்று நஷ்டஈடு கொடுப்பதா? ரத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரே ஆள் இரண்டு பக்கத்திலும் நிற்பார்.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர்விட்டதை அங்கே ஒரு பழங்கல்வெட்டு சொல்கிறது. தன் வினையைத் தானே தேய்க்கும் தவம் அது. சமணக் கணக்கில் வினை செய்தவனின் உயிரில்தான் ஒட்டும். அப்பன் வினையைப் பிள்ளை கரைக்க முடியாது. இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் வசதியாக இருக்கும். ஆனால் வினை பரம்பரையாக வராது, பட்டா வரும். நயினார்கள் நிலமுள்ள வேளாண்குடிகள். தென்னார்க்காட்டு நன்செய்களில் நாற்று நட்ட கைகள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவை. கொல்லாமை நோன்புள்ளவர் நிலமென்றால் கூலி கூடிவிடுமா என்ன? ஐந்நூறு வருடத்துக்கு முன் துரத்தப்பட்டோம் என்பது அந்தக் கூலிப் பேச்சில் ஒரு பதிலாகாது.

பெக்கி மெக்கின்டாஷ் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1988-இல் வெள்ளையர்கள் தாங்கள் சுமப்பதே தெரியாமல் சுமக்கும் சலுகைகளைப் பட்டியல் போட்டார். பயனுள்ள பட்டியல்தான். பிறகு அது பலர் கையில் ஒரு சடங்காகிவிட்டது. என்னிடம் பிரிவிலேஜ் இருக்கிறது என்று எழுந்து நின்று சொன்னால் பாதி பாவம் போய்விட்டது மாதிரி. நமக்கு இது புதிதல்ல. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு உருவான ஹரிஜன சேவக சங்கத்தின் மத்தியக் குழுவில் முதலில் அம்பேத்கரும் இருந்தார், பிறகு விலகினார். சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதாருக்கு இடம் கேட்டபோது, இது சவர்ண இந்துக்கள் செய்யவேண்டிய பிராயச்சித்தம், ஆகவே அவர்களே நடத்தட்டும் என்பது காந்தியின் நிலை. 1945-இல் எழுதிய நூலில் அம்பேத்கர் இதைக் கடுமையாகவே விமர்சித்தார். நோன்பு இருப்பவர், நோன்பை அளப்பவர், முடிந்தது என்று சொல்பவர் எல்லாம் ஒரே தரப்பு. யாருக்காக நோன்போ அவர் வாசலில். 1934 பீகார் பூகம்பத்தைத் தீண்டாமைக்கு வந்த தெய்வ தண்டனை என்று காந்தி சொன்னபோது தாகூர் மறுத்து எழுதினார். அந்தப் பூகம்பத்தில் தீண்டப்படாதாரும்தானே செத்தார்கள்! காந்தியின் மனம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குற்றவுணர்வு பெரிதாகப் பெரிதாக மேடை முழுவதும் குற்றம் செய்தவருக்கே போய்விடுகிறது.

மறுபக்கமும் அதே மாதிரிதான், காயம் பெரிதாகப் பெரிதாக வேறு யாரும் கண்ணில் படுவதில்லை. இந்த மாவட்டத்தையே பாருங்கள். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள், பலரும் போலீஸ் துப்பாக்கிக்கு. 2023 ஏப்ரலில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே போன பட்டியல் சாதி இளைஞர் தாக்கப்பட்டார், ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 1987-இல் செத்தவர்களின் துயரம் உண்மை, அவர்கள் கேட்டதும் நியாயமானது. அதை நினைத்து விளக்கேற்றும் கை மேல்பாதியில் வாசலை மறிக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமமின்மை இதுதான். நடுப்படியில் நிற்பவன் மேலே பார்த்து அழுவான், கீழே பார்த்து உதைப்பான். இரண்டும் பொய்யல்ல. ஆனால் மேல்பாதியில் அன்று கேள்வி யாருடைய தாத்தா அதிகம் அடிபட்டார் என்பதல்ல, கதவு திறக்குமா என்பதாக இருந்தது.

வேங்கடபதி கதை கொலையோடு முடிவதில்லை. திண்டிவனம் பக்கத்து வேலூரில் வீரசேனாச்சாரியர் என்பவர் ஒரு கிணற்றடியில் சமணச் சடங்கு செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டார். அன்று அரசனுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் விட்டுவிட்டான். அவர் சிரவணபெளகுளத்துக்குப் போய்த் துறவியாகிச் சாத்திரம் படித்தார். தாயனூர் காங்கேய உடையார் என்பவர் உடையார்பாளையத்து ஜமீன்தாரிடம் அடைக்கலம் புகுந்து நிலமும் பெற்றார். அப்புறம் சிரவணபெளகுளம் போய் வீரசேனரை அழைத்துவந்து, இருவருமாகச் செஞ்சிச் சீமையில் ஊர் ஊராகப் போய் நீறு பூசியவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். "நெருக்கடியில் ஏன் மாறினாய்?" என்று யாரையும் தண்டித்ததாகக் கதையில் இல்லை. செஞ்சி அரசனின் வம்சத்திடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னதாகவும் இல்லை.

காங்கேய உடையாரின் வழிவந்தவர்களுக்கு விசேஷங்களில் முதல் தாம்பூலம் என்று கெசட்டியர் எழுதுகிறது. சித்தாமூர் மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் சொல்லுக்குத் தனி மதிப்பு. சித்தாமூர், வீரணாமூர், விழுக்கம், பெரமண்டூர், ஆலகிராமம், வேலூர், தாயனூர் ஆகிய ஊர்களின் பிரதிநிதிகள் கூடி ஆளைத் தெரிவு செய்வார்கள். மடாதிபதி பல்லக்கில் ஊர் ஊராகப் போவார், சாதி வழக்குகளைத் தீர்ப்பார், அபராதம் போடுவார், தவறியவர்களைச் சாதியைவிட்டுத் தள்ளியும் வைப்பார். துரத்தப்பட்டவர்களைத் தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்ட அதே மரபின் கையில், நாலு தலைமுறைக்குள்ளோ பத்துத் தலைமுறைக்குள்ளோ, தள்ளிவைக்கும் அதிகாரம் வந்து சேர்ந்திருந்தது.