கரியும் எண்ணெயும்

துறையூரிலிருந்து நாமக்கல் போகும் சாலையில் ஒரு லாரி நின்றுபோனால் எல்லோரும் சொல்வது, "திடீரென்று நின்றுவிட்டது" என்பதுதான். லட்சக்கணக்கான மைல் ஓடிய வண்டி எதையும் திடீரென்று செய்வதில்லை என்பது என் கட்சி. சரித்திரமும் அப்படித்தான் சாட்சி சொல்கிறது.

இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மா கைநழுவிற்று. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரலில் ஏனஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கிய பிரிட்டிஷாரே அழித்தார்கள். இங்கே பெட்ரோல் மருந்துபோல் அருமையாயிற்று. பஸ்ஸும் லாரியும் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு புறப்பட்டன. மதுரை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் அந்த கேஸ் பிளாண்டுகளைத் தாமே தயாரித்தார்கள்.

போதிய காற்றில்லாமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு பிறக்கும். விஷவாயுதான், ஆனால் எரியக்கூடியது. அதைக் குளிரவைத்து, வடிகட்டி, இன்ஜினுக்குள் விட்டார்கள். கிளீனர் விசிறியைச் சுற்றிக் கரியைக் கனியவைத்த பிறகே பிரயாணம். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளினார்கள்.

இதையெல்லாம் சிரிப்புக் கதையாகச் சொல்வது வழக்கம். இன்ஜின் பட்ட பாட்டில் சிரிக்க ஒன்றுமில்லை. வடிகட்டிக்குத் தப்பிய சாம்பல் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள்போல் தேய்த்தது. மிச்சம் எண்ணெயில் கலந்து சேறாயிற்று. எண்ணெய் போகும் துவாரம் அடைபட்டதும் பேரிங் காய்ந்து உருகும், கிராங்க் இறுகும். வண்டி நிற்பது ஒரு கணத்தில். அதற்கான வேலை நடந்ததோ பல மாதங்களாக.

சண்டை முடிந்தது, கரி போயிற்று. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா பென்ஸ் லாரி பிறந்தது. 1955-ல் எண்ணூர்த் தொழிற்சாலை அசோக் லேலண்டு என்று பெயர் பூண்டது. டீசல் யுகம் வந்தும் நோய் மாறவில்லை. சாம்பலுக்குப் பதில் புகைக்கரி எண்ணெயைக் கெடுக்கிறது. கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே சாலைப் புழுதி நுழைகிறது. ரேடியேட்டர் தண்ணீர் வற்றினால் ஹெட் வளைகிறது.

இரும்புக்கும் களைப்பு உண்டு. ஜெர்மானியரான வோலர் 1850, 60-களில் ரயில் அச்சுகளைச் சோதித்து இதை நிரூபித்தார்: முறிப்பது ஒரு பெரிய பாரமல்ல, திரும்பத் திரும்ப வரும் சிறிய பாரம். வெளியே தெரியாத கீறல் வளர்ந்து வளர்ந்து, ஒருநாள் கிராங்க் ஷாஃப்ட் இரண்டாகிறது.

வண்டி நின்றதும் குற்றவாளியாகக் கண்ணில் படுகிறவன் டிரைவர். காலையில் எண்ணெய் அளவைப் பார்க்காமல் கிளம்பியிருந்தால் அவனைக் கேட்கலாம். ஆனால் எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டவர் யார்? "இன்னும் ஒரு லோடு, பிறகு பார்ப்போம்" என்றவர் யார்? சம்பளத்தில் கைவைக்குமுன் முதலாளிமார்கள் பணிமனைக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது நியாயம். திடீர் என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை மாதம் ஒளிந்திருக்கிறது என்பது அதில் தேதிவாரியாக இருக்கும்.