இரண்டு சாவிப் பூட்டு



வங்கியில் லாக்கர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் சாவி மட்டும் போதாது. வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் லாக்கர் திறக்கும். நம் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. அதைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள்.

1958-ல் பிரான்சில் ஜான் டோசே என்ற மருத்துவர், மனிதர்களின் முதல் திசு அடையாளத்தைக் கண்டறிந்தார். இன்று அந்த வகை மூலக்கூறுகளை எச்.எல்.ஏ. என்கிறோம். அடுத்தவர் உறுப்பைப் பொருத்தினால் உடல் ஏற்க மறுப்பது இவற்றால்தான் என்று தெரிந்தது. ஆனால் இயற்கையில் யாரும் யாருக்கும் சிறுநீரகம் பொருத்துவதில்லையே! பிறகு இவை எதற்கு?

1973-ல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் விடை கிடைத்தது. கால்நடை மருத்துவம் படித்த பீட்டர் டோஹெர்ட்டியும், சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோல்ஃப் ஜிங்கர்நேகலும் எலிகளுக்கு ஒரு வைரஸைச் செலுத்தினார்கள். அந்த எலிகளின் ‘டி’ செல்கள், வைரஸ் தாக்கிய தம் இனச் செல்களைக் கொன்றன. அதே வைரஸ் தாக்கிய, வேறு திசு வகை எலியின் செல்களை விட்டுவிட்டன. அதாவது, வைரஸ் இருந்தால் மட்டும் போதாது. திசு அடையாளமும் பொருந்த வேண்டும். 1974-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த ஆய்வுக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1987-ல் ஹார்வர்டில் பமீலா பியோர்க்மன் குழுவினர் இந்த மூலக்கூறின் வடிவத்தையே காட்டினார்கள். மேலே ஒரு பள்ளம். செல்லுக்குள் இருக்கும் புரதத்தின் சிறு துணுக்கு அதில் அமர்ந்து வெளியே தெரிகிறது. ‘டி’ செல் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? ரத்தப் புற்றுநோயாளிக்கு ஸ்டெம் செல் தேவைப்பட்டால் இந்த அடையாளங்களைத்தான் ஒப்பிடுவார்கள். உடன்பிறந்த ஒருவருடையது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். மற்றவர்கள் கொடையாளர் பதிவேட்டை நம்பியிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் பதிவு செய்ய விரும்பினால் முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தேதி குறித்தபின் பின்வாங்கக் கூடாது. ஏனெனில் அதற்குள் நோயாளியின் எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்திருப்பார்கள்.