மின்சாரம் கோத்த சங்கிலி

புனேயிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடகிழக்கே உள்ள ரஞ்சன்காவ், அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றாகிய மகாகணபதி கோயிலால் பெயர் பெற்றது. இன்று அங்கே மோட்டார் வண்டிகளும் குளிர்ப்பெட்டிகளும் உருவாகும் தொழிற்பேட்டையும் உண்டு. அதில் பணிபுரியும் நம்மவர் நாள்தோறும் உலோகத்தின்மேல் படிந்த பலபடிப் பூச்சைக் காண்கின்றனர். அத்தகைய பலபடியை மின்சாரத்தாலேயே உண்டாக்கலாமா என்னும் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் இந்தியர் ஒருவரின் உழைப்பும் கலந்துள்ளது.

வினைல் சேர்மங்களின் சிறு மூலக்கூறுகளில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கும். அது திறந்துகொண்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நெடுஞ்சங்கிலியாகும். திறப்பதற்குப் பெரும்பாலும் ஒரு வேதிப்பொருளையே சேர்ப்பர். 1951இல் பர்ரவானோ என்பார், நீர்க்கரைசலை மின்பகுப்புச் செய்கையில் எதிர்மின்வாயில் தோன்றும் ஹைட்ரஜனே அவ்வேலையைச் செய்யும் எனக் காட்டினார்.

ஆனால் நீருள்ள இடத்தில் எதிர்மின்னேற்றம் பெற்ற சங்கிலி பிழைப்பதில்லை. நீரிலிருந்து ஒரு புரோட்டானைப் பற்றிக்கொண்டு அக்கணமே வளர்ச்சி ஓய்ந்துவிடும். எனவே ஆய்வாளர் டெட்ராஹைட்ரோபியூரான் போன்ற கரிமக் கரைப்பான்களை நாடினர். அவற்றிலோ மின்சாரம் எளிதில் பாயாது. தக்க உப்பைக் கரைக்கவேண்டும்; ஈரத்தையும் காற்றையும் அறவே விலக்கவேண்டும். சொல்வது எளிது, செய்பவருக்கே அதன் பாடு தெரியும்.

இதற்கிடையில் 1956இல் மைக்கேல் ஷ்வார்ட்ஸ், முடிவுறாமல் காத்திருக்கும் சங்கிலிகளைக் கண்டு அவற்றை ‘உயிருள்ள பலபடி’ என்றார். மொழிபெயர்க்கும் எனக்கு இத்தொடர் முதலில் மிகையாகவே பட்டது. ஆயினும் இரை கிடைத்ததும் மீண்டும் வளரத் தொடங்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

இவ்வுயிர்ச் சங்கிலியை மின்சாரத்தால் ஆளலாம் என்பதே அடுத்த கண்டுபிடிப்பு. கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்து ஃபண்ட், நம் நாட்டவரான பாதனி, ரிச்சர்ட்சன் ஆகிய மூவரும் ஆல்ஃபா மெதில் ஸ்டைரீனைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 1966இல் வெளியாயிற்று. மின்னோட்டம் பாய்ந்ததும் எதிர்மின்வாயருகே உயிருள்ள முனைகளின் செந்நிறம் தோன்றும். சங்கிலி ஒன்றுக்கு இரண்டு எலெக்ட்ரான் என்பது கணக்கு. ஆகவே செலுத்திய மின்சாரத்தை அளந்தே சங்கிலிகளை எண்ணிவிடலாம். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் அம்முனைகள் அழியும், நிறமும் வெளிறும். வேதிப்பொருளை ஊற்றியபின் திரும்ப எடுக்க இயலாது. மின்விசையை நிறுத்தலாம், திருப்பலாம். இந்த ஆய்வின் அருமை இதில்தான் இருக்கிறது.

பாதனி பின்னர் அதே பர்ரவானோவுடன் சேர்ந்து 4-வினைல் பிரிடீனை ஆராய்ந்தார்; அக்கட்டுரை 1970இல் வந்தது. அதன்பின் ராஞ்சிப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையைத் தொடர்ந்தார்.

பெருந்தொழில் இம்முறையை விரும்பி ஏற்கவில்லை. உலர்ந்த கரைப்பானுக்கும் உப்புக்கும் ஆகும் செலவு ஒரு தடை. மின்வாயின்மேல் பலபடி படிந்து மின்னோட்டத்தையே மறித்துவிடுவது மற்றொன்று. பிரெஞ்சு நாட்டில் லெக்காயோன் குழுவினர் இரண்டாவது தடையையே பயனாகக் கொண்டனர். அக்ரிலோநைட்ரைலைக் கரிமக் கரைப்பானில் மின்பகுத்து, உலோகத்தோடு வேதிப்பிணைப்பால் ஒன்றிய மெல்லிய பலபடிப் படலத்தை வளர்த்து, அம்முறையை 1982இல் வெளியிட்டனர்.