காற்றில் போன பாட்டுக்குக் கூலி

சங்கீத சரித்திரம் எழுதுகிறவர்கள் வக்கீல்களுக்கு இடம் தருவதில்லை. அரசர்கள், ஜமீன்தார்கள், சபாக்காரர்கள், கிராமபோன் கம்பெனிகள் எல்லோரும் அதில் வந்துவிடுகிறார்கள். ஆனால் பாட்டை எழுதியவனுக்கும் அதைப் பாடவைத்துக் காசு பார்த்தவனுக்கும் நடுவே ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதத்தை எழுதியவன் எங்கும் தென்படுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் ஜனரஞ்சகக் கலை உருவானதில் இந்தக் காகிதத்தின் பங்கு காமிராவின் பங்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பது என் கட்சி. ஒரே ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கையை வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன். அவர் பெயர் நேதன் பர்கன்.

1870களின் இறுதியில் ருமேனியாவில் யாஷ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக நியூயார்க் வந்து, குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் ஸைடில் வளர்ந்தார். சம்பளம் கட்டாமல் படிக்க முடிந்த சிட்டி காலேஜில் படித்தார், பிறகு சட்டம். 1900 வாக்கில் தொழிலுக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்துப் பெரிய வக்கீல் நிறுவனங்கள் ரயில்வேக்களுக்கும் பாங்குகளுக்கும் உழைத்தன. குடியேறி வந்த யூதப் பையனுக்கு அங்கே கதவு எளிதில் திறக்காது. நாடகக்காரர்களும் பாட்டுப் புத்தகம் அச்சடிப்பவர்களும்தான் அவருக்குக் கிடைத்த கட்சிக்காரர்கள். மதிப்பில்லாத தொழிலுக்கு மதிப்பில்லாத வக்கீல். இந்தச் சேர்க்கையிலிருந்துதான் பின்னால் ஒரு சட்டத் துறையே முளைத்தது.

அன்றைய அமெரிக்காவில் பாட்டு என்றால் அச்சடித்த இசைத் தாள். வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் அதை வாங்கினார்கள். பதிப்பாளர் காசு பார்த்தார். எழுதியவனுக்கு அவர் விருப்பப்படி ஏதோ கொடுத்தார். நாடு முழுவதும் பாடிய பாட்டுகளை எழுதிய ஸ்டீபன் ஃபாஸ்டர் 1864-ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் செத்தபோது அவர் பையில் இருந்தது 38 சென்ட். இந்த நிலைமையில்தான் தானே வாசிக்கும் பியானோ வந்தது. துளையிட்ட காகிதச் சுருளை மாட்டி மிதித்தால் பாட்டு வரும். சுருள் செய்த கம்பெனிகள் இசையமைத்தவனுக்கு ஒரு சல்லி தரவில்லை. தரவேண்டியதில்லை என்று 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காரணம் விசித்திரமானது: பிரதி என்றால் மனிதன் கண்ணால் பார்த்துப் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், துளைகளை யாரும் படிப்பதில்லை, ஆகவே சுருள் பிரதி ஆகாது. பாட்டை ஒலியாக எண்ணிப் பார்க்கச் சட்டத்துக்கு இன்னும் காது முளைக்கவில்லை. தீர்ப்போடு ஒத்துப்போன நீதிபதி ஹோம்ஸுக்கே அதன் தர்க்கத்தில் திருப்தியில்லை. தனியாக ஒரு குறிப்பு எழுதிவைத்தார்.

இதே சமயம் வாஷிங்டனில் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி எழுதும் விசாரணைகள் நடந்துகொண்டிருந்தன. 1906-ல் ஜான் ஃபிலிப் ஸூஸாவும் விக்டர் ஹெர்பர்ட்டும் காங்கிரஸ் குழுவின் முன் நேரில் வந்து முறையிட்டார்கள். இசைப் பதிப்பாளர்களுக்காக வாதாட வந்தவர்களில் முப்பது வயது நிரம்பாத பர்கனும் ஒருவர்.

1909-ல் வந்த சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் காலத்துச் சண்டைகள் பலவற்றின் விதை அதில் இருக்கிறது. முதலாவதாக, இயந்திரத்தில் பாட்டைப் பதிவதற்கு எழுதியவனின் அனுமதி வேண்டும் என்றது. ஆனால் ஒருவனுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் பிறகு எவனும் பிரதிக்கு 2 சென்ட் வீதம் கட்டிவிட்டுப் பதியலாம் என்றும் சொன்னது. பெரிய சுருள் கம்பெனி ஒன்று பதிப்பாளர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு எல்லாப் பாட்டுகளையும் வளைத்துக்கொண்டது தெரியவந்ததால் ஏற்பட்ட பயம் அது. இரண்டாவதாக, லாபத்துக்காகப் பொது இடத்தில் வாசித்தால் உரிமை எழுதியவனுக்கு என்றது. ஆனால் காசு போட்டால் பாடும் பெட்டிக்கு, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில், விலக்கு அளித்தது. அந்த விலக்கு 1978 வரை நீடித்தது. மூன்றாவது, ஒரு சிறிய வரி. கூலிக்கு எழுதப்பட்ட படைப்பில் ‘ஆசிரியன்’ என்ற சொல் முதலாளியையும் குறிக்கும். சிருஷ்டி கர்த்தா யார் என்று தத்துவவாதிகள் காலம் காலமாகக் குழம்பியதை ஒரு சட்டப் பிரிவு அரை வாக்கியத்தில் தீர்த்துவிட்டது. எழுதினவன் எழுதினவன் அல்ல. சம்பளம் கொடுத்தவன் எழுதினவன்.

உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. அதை வசூலிப்பது எப்படி? ஹோட்டல் ஹோட்டலாக, நடன மண்டபம் மண்டபமாக ஒரு பாட்டுக்காரன் அலைய முடியுமா? பாரிஸில் இதற்கு முன்னுதாரணம் இருந்தது. 1847-ல் எர்னெஸ்ட் பூர்ழே என்ற பாட்டாசிரியர், தம் பாட்டுக்குக் காசு தராத காப்பிக் கடையில் தானும் குடித்ததற்குக் காசு தர மறுத்தார். அந்தச் சண்டை வழக்காகி, 1851-ல் ஸாஸெம் என்ற வசூல் சங்கமாக முடிந்தது. நியூயார்க்கில் இதே யோசனையோடு 1913 அக்டோபரில் ஒரு விருந்துக்கு அழைத்தார்கள். மழை. அழைக்கப்பட்ட 36 பேரில் 9 பேர்தான் வந்தார்கள் என்று சொல்வதுண்டு. வந்தவர்களில் ஹெர்பர்ட்டும் பர்கனும் உண்டு. 1914 பிப்ரவரி 13-ல் அமெரிக்க இசையமைப்பாளர், எழுத்தாளர், பதிப்பாளர் சங்கம் — சுருக்கமாக ஆஸ்காப் — பிறந்தது. அதன் சட்ட மூளை பர்கன்.

பிறந்த சங்கத்துக்கு உயிர் வந்தது ஒரு சாப்பாட்டுக் கடையால். பிராட்வேயில் ஷான்லி என்ற உணவு விடுதியில் ஹெர்பர்ட்டின் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். பாட்டுக்கென்று விடுதிக்காரர் தனிக் கட்டணம் வாங்கவில்லை. ஆகவே லாபத்துக்காகப் பாடியதல்ல என்பது அவர் வாதம். கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் ஒப்புக்கொண்டன. பர்கன் விடவில்லை. 1917 ஜனவரி 22-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒருமித்த தீர்ப்பை ஹோம்ஸ் வாசித்தார். அவர் சொன்னதன் சாரம் இது: மக்கள் அங்கே பாட்டுக்கு மட்டும் போகவில்லை என்பது சரி; ஆனால் சாப்பாட்டுக்கு மட்டுமா போகிறார்கள்? அதே சாப்பாடு வேறிடத்தில் மலிவாகக் கிடைக்கும். மௌனமாக உட்கார்ந்து தின்பதில் கிடைக்காத ஒரு சுகத்துக்காகப் போகிறார்கள். இசையால் லாபமில்லை என்றால் விடுதிக்காரர் அதை நிறுத்தியிருப்பார்; லாபம் இருக்கிறதென்றால் அது வருகிறவன் பையிலிருந்துதான் வருகிறது.

சில பக்கங்களே உள்ள இந்தத் தீர்ப்பைக் கலை விமர்சனமாகவே நான் படிக்கிறேன். தனியாக டிக்கெட் போட்டு விற்க முடியாத ஒன்றுக்கும் மதிப்பு உண்டு, சூழலில் கரைந்து கிடக்கும் கலையும் உழைப்புதான் என்று ஒரு நீதிபதி சொல்லிவிட்டார். காற்றில் போனதற்கும் கூலி உண்டு. 1923-ல் இதையே வானொலிக்கு நீட்டினார்கள். நியூவார்க் நகரத்துப் பெரிய கடை ஒன்றின் ஒலிபரப்பு இலவசம்தான். ஆனால் நடுநடுவே கடையின் பெருமையைச் சொன்னார்களே, அது போதும், லாபம்தான் என்றது நீதிமன்றம். ஒலிபரப்பாளர்கள் அதே வருஷம் தங்களுக்கொரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் சிறு பத்திரிகை நண்பர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். காசைப் பற்றிப் பேசுவது நம்மிடையே அநாகரிகம். எந்தச் சிறு பத்திரிகையும் எனக்குக் காசு தந்ததில்லை, நானும் கேட்டதில்லை, அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஆனால் அந்தக் கௌரவம் நாமாகத் தேர்ந்துகொண்டது. வேண்டாம் என்று சொல்ல உரிமை உள்ளவன் சொல்லும் வேண்டாமுக்கும், கேட்க வழியே இல்லாதவனின் மௌனத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஃபாஸ்டரின் 38 சென்ட்டைத் துறவு என்று யாரும் அழைக்க மாட்டார்கள்.

காசைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது. பர்கனின் மிகப் பிரபலமான கட்சிக்காரர் சார்லி சாப்ளின். கார்மெனைக் கேலி செய்து சாப்ளின் எடுத்த இரண்டு ரீல் படத்தை, அவர் எஸ்ஸனே கம்பெனியை விட்டுப் போன பிறகு, அந்தக் கம்பெனி வெட்டி எறிந்த துண்டுகளையும் புதிதாகச் சேர்த்த காட்சிகளையும் ஒட்டி நான்கு ரீலாக்கி 1916-ல் வெளியிட்டது. சாப்ளின் வழக்குப் போட்டுத் தோற்றார். படம் கம்பெனியின் சொத்து. நீட்டவும் குறைக்கவும் அதற்கு உரிமை உண்டு. ‘முதலாளியே ஆசிரியன்’ என்ற தத்துவத்தின் நடைமுறை இது. தோல்வியிலிருந்து சாப்ளின் கற்றது, முடிந்த படத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்ற நிபந்தனையை இனி எல்லா ஒப்பந்தங்களிலும் எழுதிவைப்பது. சட்டம் தராத கலைச் சுதந்திரத்தை ஒப்பந்தத்தில் பேரம் பேசி வாங்கினார். 1919-ல் சாப்ளினும் பிக்ஃபோர்டும் ஃபேர்பாங்க்ஸும் கிரிஃபித்தும் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தொடங்கியது அதன் அடுத்த கட்டம்: கலைஞனே முதலாளி ஆகிவிடுவது. ஆனால் பேரம் பேசும் பலம் உலகில் ஒரு சாப்ளினுக்குத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு எஸ்ஸனேதான்.

பர்கனின் மற்ற வழக்குகளை வேகமாகக் கடந்துவிடலாம். மே வெஸ்ட் எழுதிய நாடகமொன்றை ஆபாசம் என்று போலீஸ் நிறுத்தியபோது 1930-ல் அவருக்காக வாதாடினார். ஜூரிகள் ஒத்துப்போகாமல் வழக்கு கலைந்தது. 1934-ல் பத்து வயது குளோரியா வாண்டர்பில்ட் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் தாயின் பக்கம் நின்று தோற்றார். பத்திரிகைகளுக்கு இவை தீனி. அவர் நினைவில் நிற்க வேண்டியது இவற்றால் அல்ல.

ஆஸ்காபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இது துதி ஆகிவிடும். வசூலில் பாதி பதிப்பாளர்களுக்குப் போனது. மீதியை எழுத்தாளர்களுக்குள் தரம் பிரித்துப் பங்கிட்டார்கள்; பழைய பெயர்கள் மேல் தட்டில். ஆரம்ப உறுப்பினர்களில் ஹாரி பர்லி, ஜேம்ஸ் வெல்டன் ஜான்ஸன் போன்ற கறுப்பர்கள் இருந்தது உண்மை. ஆனால் ப்ளூஸும் ஜாஸும் நாட்டுப்புறப் பாட்டும் எழுதிய பலருக்குக் கதவு திறக்கவில்லை. ஜெல்லி ரோல் மார்ட்டனை 1939-ல்தான் உள்ளே விட்டார்கள். அவர் 1941-ல் இறந்துபோனார். 1934-ல் அரசாங்கமே ஏகபோகம் என்று ஆஸ்காப் மீது வழக்குப் போட்டது. அதை எதிர்த்து நின்ற பர்கன் முடிவைப் பார்க்கவில்லை. 1936 ஜூன் 6-ல் இறந்தார். 1939-ல் ஒலிபரப்பாளர்கள் பி.எம்.ஐ. என்ற போட்டி ஸ்தாபனத்தைத் தொடங்கி, சங்கம் ஒதுக்கிவைத்த பாட்டுகளுக்கெல்லாம் வலை வீசினார்கள். 1941-ல் ஆஸ்காப் அரசாங்கத்தோடு சமரசத்துக்கு வந்தது. அநீதியைத் தீர்க்க எழுந்த ஸ்தாபனம் தனக்கென்று ஒரு அநீதியைக் கட்டிக்கொள்வதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்காக முதல் அநீதி நியாயமாகிவிடாது.

இயந்திரத்தில் பாட்டைப் பதியும் உரிமையைத் தனிச் சொத்தாக்கிய ஏற்பாடு அமெரிக்காவோடு நிற்கவில்லை. 1911-ல் பிரிட்டிஷ் சட்டத்திலும், அதன் வழியாக 1914-ல் இந்தியச் சட்டத்திலும் வந்தது. அது இங்கே என்ன செய்தது என்பதற்குப் பாரதியைவிட வேறு உதாரணம் வேண்டாம். அச்சுரிமை ஒரு பக்கமிருக்க, அவர் பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை தனிச் சரக்காகிக் கை மாறி, ஒரு வியாபாரியிடமிருந்து ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. அவர் உரிமையை விட்டுக்கொடுத்து, 1949-ல் அரசாங்கம் பாரதியைப் பொதுவாக்க முன்வரும்வரை, தமிழ்நாட்டின் கவி ஒரு ஸ்டூடியோவின் சொத்து. 1977-ல் நம் உச்ச நீதிமன்றம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூலிக்கு எழுதிய சினிமாப் பாட்டுக்குப் படமுதலாளியே முதல் உரிமையாளர் என்றது. ஷான்லி தீர்ப்பின் குரல் இங்கே ஒலிக்கவில்லை; 1909-ன் அந்த அரை வாக்கியத்தின் குரல்தான் ஒலித்தது. கிருஷ்ணய்யர் மட்டும் தனிக் குறிப்பில், பாடியவனுக்குச் சட்டம் எதுவும் வைக்கவில்லையே என்று ஆதங்கப்பட்டார். பாட்டாசிரியனும் இசையமைப்பாளனும் தங்கள் ராயல்டிப் பங்கை, தாங்களே கையெழுத்துப் போட்டால்கூடப் படமுதலாளியிடம் இழந்துவிட முடியாது என்ற நிலை வர 2012 ஆயிற்று.

பர்கன் இலக்கியவாதி அல்ல. தத்துவம் பேசியவரும் அல்ல. யார் பணம் தந்தாலும் வாதாடிய தொழில்காரர், டாமனி ஹால் அரசியலில் புழங்கியவர். அவர் பெயரில் ஆஸ்காப் 1938-ல் சட்ட மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி ஏற்படுத்தியது. பாட்டுக்காரர்கள் யாரும் அவரைப் பாடவில்லை. ஆனால் சிருஷ்டியை ஆராதிக்கிறவர்களைவிட, அதன் மேல் யாருக்கு என்ன உரிமை என்று வரி வரியாகக் கேட்டவர் சிருஷ்டிகர்த்தாவுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. நம்மில் எத்தனை பேர் தம் புத்தகத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்திருக்கிறோம்? ஒப்பந்தம் என்று ஒன்று போட்டவர்கள்தான் எத்தனை பேர்? தொகுப்பில் சேர்க்கிறார்கள், பாடத்தில் வைக்கிறார்கள், படத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். தகவல் வருவதே பாக்கியம் என்று இருக்கிறோம். பாரதியின் பாட்டுகள் விலைபோன பிறகு மீட்க ஒரு அரசாங்கம் வந்தது. எல்லோருக்கும் வராது.